குற்றாலச் சரித்திரம் – 9: காற்றைத் தேடி வந்தவர்களும் புகையில் இருந்தவர்களும்

சென்ற பகுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்து மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிராக்கிப் பார்த்த வரலாற்றைக் கண்டோம். தோட்டத்தின் பொருட்டு இங்கே வந்து பழகிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள், வந்த காரியம் முடிந்த பிறகும் ஊரை மறக்க மனமின்றி, ஆனி பிறந்தால் குடும்பத்தோடு வந்து ஆவணி கழியும் வரையில் தங்குவதும், காலப்போக்கில் கச்சேரிக் காகிதங்களையே கட்டுக்கட்டாக இங்கே கொண்டுவந்து அலுவல் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. அருவியில் குளிக்கத்தான் அவர்கள் வந்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். குளித்தார்கள், ஐயமில்லை. ஆயினும் அக்காலத்து ஐரோப்பிய வைத்திய சாஸ்திரம் ஒருவனைச் சமவெளியிலிருந்து இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்பியது நீருக்காக மட்டுமன்று, காற்றுக்காகவும்தான். ஆகையால் இந்தப் பகுதியில் குற்றாலத்துக் காற்றின் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறோம். சொல்லி வருகையில், இரு நூறு வருஷங்களாகக் காற்றைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள் எந்தக் காற்றைக் கவனியாமல் விட்டார்கள் என்பதும் தானே விளங்கும்.

குற்றாலம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 160 மீட்டர் உயரத்திலேதான் இருக்கிறது. உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் போல இது மலைமேல் ஏறிய ஊர் அன்று. மலையின் காலடியில் கிடக்கும் ஊர். அப்படியிருந்தும், கிழக்கே ஆலங்குளத்தில் வெயில் கொளுத்தும் ஆடி மாதத்து நடுப்பகலில் இங்கே உடம்பு சிலிர்க்கிறதென்றால், அதற்குக் காரணம் மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து புறப்பட்டு, மலையாளத்துச் சரிவில் தன் நீர்ச்சுமையிற் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, மிஞ்சிய ஈரத்தைச் சாரலாகத் தூவியபடி கிழக்கு நோக்கி ஓடுகிறது. தென்காசிப் பெரிய கோயிலின் கோபுர வாசலில் கால் வைத்தவுடன் தோள் துண்டைப் பறித்துக்கொண்டு போகப் பார்ப்பது இந்தக் காற்றுதான். அதற்கப்பால் சமவெளியில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குவதும் இதுவேதான்.

ஆகவே குற்றாலத்துக் காற்றின் மகிமை என்று நாம் கொண்டாடுவது, ஆராய்ந்து பார்த்தால், அது ஓரிடத்தில் நில்லாமல் ஓடுவதன் மகிமையே. மனிதர் குடியிருக்கும் எந்த ஊரிலும் புகையும் தூசியும் உண்டாகத்தான் செய்யும். அவை தங்குகின்றனவா, தள்ளிக்கொண்டு போகப்படுகின்றனவா என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் காற்றின் வேகம். சீஸன் மாதங்களில் இந்த வட்டாரம் உண்டாக்கும் புகையெல்லாம் கிழக்கே அடித்துச் செல்லப்பட்டுவிடுகிறது. மார்கழிப் பின்னிரவிலோ நிலைமை வேறு. அப்போது காற்று அடங்கி, தரையை ஒட்டிய வாயு குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதற்குமேல் சற்றே வெப்பமான ஒரு படலம் பானைக்கு மூடி போட்டாற்போலக் கவிந்துகொள்கிறது. அடுப்புப் புகை, குப்பை எரித்த புகை, சூளைப் புகை எல்லாம் மேலே போக வழியின்றி ஆளுயரத்தில் வயல்வெளிமேல் படுத்துக்கிடப்பதை, இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு விடியற்காலையில் நடந்து போகிறவர்கள் கண்ணாலேயே காணலாம். மூன்று மாதம் வந்து போகும் விருந்தாளிக்கு இந்தக் காட்சி தெரியாது. குற்றாலத்தைப் பற்றி எழுதியவர்களிற் பெரும்பாலோர் விருந்தாளிகள்.

இனி, சரித்திரத்துக்கு வருவோம். 1809ஆம் வருஷந்தொட்டு 1811 வரையில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய சீமைகளில் ஒருவகை விஷஜ்வரம் பரவிக் கிராமம் கிராமமாக ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. சென்னை அரசாங்கத்தார் இதன் காரணத்தை ஆராயும்படி டாக்டர் ஐன்ஸ்லியின் தலைமையில் வைத்தியர் குழு ஒன்றை நியமித்தார்கள். ஐன்ஸ்லி சாமானியர் அல்லர். நம் நாட்டு மருந்துச் சரக்குகளையும் மூலிகைகளையும் ஆராய்ந்து 1813லேயே ஒரு நூல் வெளியிட்டவர். குழுவினருடைய அறிக்கை 1816இல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. வைத்தியம், பூகோளம், விவசாயம் ஆகிய மூன்று துறைகளையும் சேர்த்துப் பார்க்கும் அறிக்கை என்று அதன் தலைப்பிலேயே குறித்திருந்தார்கள். ஜ்வரத்துக்குக் காரணம் தேடப் புறப்பட்ட வைத்தியர்கள் மலையையும் குளத்தையும் மழையையும் பயிரையும் கணக்கெடுத்தது எதற்காக என்றால், நோய் என்பது நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றினால் வருவது என்னும் சித்தாந்தம் அக்காலத்தில் ஐரோப்பாவில் நிலைபெற்றிருந்தது. பருவம் தப்பிப் பெய்த மழை, வடியாமல் தேங்கிய நீர், அதில் அழுகும் இலைதழை, அவற்றின்மேல் படும் வெயில் ஆகிய இவற்றின் சேர்க்கையால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நச்சு ஆவி கிளம்பி, சுவாசத்தோடு உட்புகுந்து இரத்தத்தைக் கெடுக்கிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலவில்லை. அந்தச் சித்தாந்தத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றுவதானால், இந்த ஜில்லாவிலேயே அபாயகரமான இடம் குற்றாலமாகத்தான் இருக்க வேண்டும். அடர்ந்த காடு, ஓயாத ஈரம், மக்கி அழுகும் சருகு, மலையடிவாரம் என்று ஆவி கிளம்புவதற்கு வேண்டிய சாமக்கிரியைகள் எல்லாம் இங்கே குறைவின்றி உண்டு. ஆயினும் அந்தச் சித்தாந்தத்தை நம்பிய துரைமார்கள் ஆரோக்கியம் தேடி ஓடிவந்ததும் இதே இடத்துக்குத்தான். உடம்பு அறிந்ததை சாஸ்திரம் அறியவில்லை. காற்று வீசும் மாதங்களில் வந்து, காற்று ஓய்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவது என்ற அவர்களுடைய வழக்கம், அவர்களுடைய புத்தகங்களைவிடப் புத்திசாலித்தனமாக இருந்தது.

1897 ஆகஸ்டு 20ஆம் தேதி சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் ராணுவ வைத்தியர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து, மலேரியாக் கிருமி அங்கே வளர்வதைக் கண்டார். ஜ்வரத்தைக் கொண்டுவருவது சதுப்பு நிலத்து ஆவி அன்று, சதுப்பு நிலத்துக் கொசு என்பது ருசுவாயிற்று. பழைய சித்தாந்தம் அத்தோடு மாய்ந்தது. மாய்ந்த சித்தாந்தத்தைப் பரிகசிப்பது சுலபம். தேங்கிய நீரை வடிக்க வேண்டும், குப்பையை அகற்ற வேண்டும், சாக்கடை கட்ட வேண்டும் என்று அது சொன்ன யோசனைகள், சொன்ன காரணம் தவறானாலும், பல்லாயிரம் உயிர்களைக் காத்தன. அது விட்டுச்சென்ற கெடுதல் வேறு. கெட்ட காற்று என்பது எப்போதும் வெளியே, தூரத்தில், சதுப்பிலும் சேரியிலும் இருப்பது; நல்ல காற்று என்பது மலைமேலும் கடற்கரையிலும் இருப்பது; ஆகையால் ஆரோக்கியத்துக்கு வழி இடம் மாறுவதே என்ற ஒரு மனப்பான்மை படித்த வகுப்பாரிடையே வேரூன்றிவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் காற்றை எவரும் சோதிக்கவில்லை.

இடமாற்றத்தால் பயனே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. க்ஷயரோகத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், நோயாளியைத் திறந்த வெளியிலும் சுத்தமான காற்றிலும் வைத்துப் போஷாக்கு அளித்து ஓய்வு கொடுப்பதே வைத்தியர்கள் அறிந்த சிறந்த சிகிச்சையாக இருந்தது. டாக்டர் சவுரிமுத்து என்னும் நம்மவர் ஒருவர் இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளில் இத்தகைய க்ஷயரோக விடுதி ஒன்றை நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கே சில காலம் சிகிச்சை பெற்றார் என்பதும், கும்பகோணத்துச் சூட்டில் வளர்ந்த அந்த உடம்புக்குத் திறந்த ஜன்னலும் ஆங்கிலேயக் குளிரும் பெரும் வாதையாக இருந்தன என்பதும் அவருடைய வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். அதே சவுரிமுத்து தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் நிறுவிய விடுதியின் பெயரால்தான் இன்றும் அங்கே ஒரு ரயில் நிலையம் சானடோரியம் என்று வழங்குகிறது. குற்றாலத்திலோ காற்று சிகிச்சையாக இருந்ததைக் காட்டிலும் உல்லாசமாக இருந்ததே அதிகம். ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தை இவ்வூரில் கழித்தபோது ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தங்கினார்கள். ஆயுள் முழுவதும் இளைப்பு நோயால் வருந்திய ராஜாஜிக்குச் சாரற்காற்று இதம் செய்ததோ, இம்சை செய்ததோ, நாம் ஊகிப்பதற்கில்லை. அந்த நோய்க்காரர்களில் சிலருக்குக் குளிர்ந்த ஈரக்காற்று ஒத்துக்கொள்வதே கிடையாது.

விருந்தாளிகளை விட்டுவிட்டு, இவ்வட்டாரத்தில் பிறந்து இங்கேயே வாழ்ந்து மடிந்தவர்களுடைய காற்றைப் பார்ப்போம். அவர்களிலும் சரிபாதியினரான ஸ்திரீகளின் காற்றைப் பார்ப்போம்.

தென்காசித் தாலுகாவின் பழைய வீடு ஒன்றின் அடுக்களையை வாசகர்கள் மனத்தில் கொண்டுவரட்டும். மண்சுவர், தாழ்ந்த ஓட்டுக்கூரை, சுவரின் மூலையில் இரண்டு கல் அடுப்புகள், அவற்றுக்கு நடுவே குழம்பை வைக்கும் கொடியடுப்பு. ஜன்னல் என்று பெயருக்கு ஒரு பொந்து. புகைக்கூண்டு வசதியுள்ள வீடுகளில் மட்டும். எரிப்பதற்குத் தென்னமட்டை, கொதும்பு, பாளை, உடைமரத்து விறகு, மலைச்சரிவில் பொறுக்கி வந்த சுள்ளி, ஒன்றும் அகப்படாத நாளில் எருவறட்டி. வெயில் காலத்தில் விறகு நொறுங்கக் காய்ந்திருக்கும், தீ பற்றிக்கொள்ளும். ஊரெல்லாம் கொண்டாடும் அந்தச் சாரல் காலத்திலோ, விறகு ஈரம் குடித்துக் கனத்துக் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு ஊதுகுழலை வாயில் வைத்து, கண்ணில் நீர் தாரையாக வழிய, மூச்சை இழுத்து இழுத்து ஊதும் பெண்மணி, ஊதுவதற்காக இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அந்தப் புகையைத்தான் உள்ளே வாங்குகிறாள். இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கும். வெளியே, இரண்டு மைலுக்கு அப்பால், அருவிக்கரையில், உலகத்திலேயே உயர்ந்த காற்று என்று சொல்லிக்கொண்டு பட்டணத்துக்காரர் மார்பை விரித்துச் சுவாசித்துக்கொண்டிருப்பார்.

புகை என்பது முழுதும் எரியாத விறகு. ஈரத்தினாலும் போதிய காற்றோட்டமின்மையாலும் விறகிலுள்ள கரிப்பொருள் முற்றும் எரிந்துபோகாமல், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவாகவும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகவும் வெளிப்படுகிறது. கூரையில் கரியாகப் படிவதும் ஒட்டடையில் தொங்குவதும் பெரிய துகள்கள். அவற்றால் அவ்வளவு ஆபத்து இல்லை, ஏனெனில் மூக்கும் தொண்டையும் அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. இரண்டரை மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்களோ, தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை, நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரையில் இறங்கி அங்கே தங்கிவிடுகின்றன. வருஷக்கணக்கில் இப்படித் தங்குவதால் மூச்சுக்குழல்கள் சுருங்கி அடைபடுகின்றன. இருதயமும் இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. கைக்குழந்தைகளுக்குக் கபவாத ஜ்வரம் எளிதில் பற்றுகிறது. கண்ணில் புரை விழுகிறது. நம் வீடுகளில் பாட்டிமார்களின் ஓயாத இருமலுக்கு வயது என்று பெயர் வைத்துவிட்டோம்.

இதனை நம் நாட்டில் வைத்திய முறைப்படி முதன்முதலில் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர், பர்மாவில் பிறந்து டில்லியில் பணியாற்றிய டாக்டர் பத்மாவதி. நுரையீரல் நோயினால் இருதயத்தின் வலப்புறம் வீங்கித் தளரும் வியாதியை அவர் டில்லி ஆஸ்பத்திரியில் ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட கட்டுரையில், பீடி சிகரெட்டு பிடித்தறியாத பெண்களிடமும் அந்த வியாதி ஆண்களுக்கு நிகராகக் காணப்படுவதைச் சுட்டி, அதற்குக் காரணம் அடுப்புப் புகையாக இருக்கக்கூடும் என்று ஐயுற்றார். மேனாட்டு வைத்திய நூல்கள் அதை ஆண்களின் வியாதி என்று எழுதிவைத்திருந்த காலம் அது. அதற்கும் முன்னரே, நம் ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தார் வார்தாவில் புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் மண்ணடுப்பு ஒன்றை 1947இல் சமைத்துக் காட்டினார்கள். ஹைதராபாத்தில் ராஜு என்னும் பொறியியலார் 1953இல் இன்னொன்றைச் செய்தார். இவ்வடுப்புகள் கண்காட்சிகளில் நன்றாகவே எரிந்தன. வீடுகளிலோ குழாயில் கரி அடைத்துக்கொண்டது, மண் வெடித்தது, பழுது பார்க்க ஆளில்லை. பிற்காலத்தில் மத்திய சர்க்காரே புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றை இரண்டு தசாப்தம் போல நடத்திக் கைவிட்டது.

புகையை அளந்து எண்ணாகச் சொன்ன ஆராய்ச்சிகளும் பின்னர் வந்தன. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் கருவி வைத்து அளந்து 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விறகு முதலியவற்றால் சமைக்கும் நேரத்தில் அடுக்களைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரையில் சுவாசிக்கக்கூடிய தூசி இருக்கக் கண்டார்கள். அளக்கும் முறை சற்றே வேறாயினும், ஒப்புநோக்குவதற்காகச் சொல்லலாம்: நுண்துகளுக்கு ஒரு நாளைய சராசரியாக இந்திய அரசாங்கம் 2009இல் விதித்த எல்லை 60 மைக்ரோகிராம், உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் சொன்ன எல்லை 15. மார்கழியில் டில்லி மாநகரத்துப் புகைமூட்டத்தைப் பத்திரிகைகள் படத்தோடு பிரசுரிக்கின்றன. அந்த அளவுப் புகையை நம் அடுக்களைகள் நாள்தோறும் இரு வேளை, படமில்லாமல், உண்டாக்கி வந்தன.

சட்டங்களும் அடுக்களை வாசலோடு நின்றுவிட்டன. இங்கிலாந்தில் 1875இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் கரும்புகை கக்கும் புகைபோக்கியைக் குற்றமாக்கியபோது, குடியிருக்கும் வீட்டின் புகைபோக்கி நீங்கலாக என்று தெளிவாக விதிவிலக்கு எழுதிவைத்தது. நம் நாட்டில் 1905இல் வங்காளத்திலும் 1912இல் பம்பாயிலும் புகைத்தொல்லைச் சட்டங்கள் வந்தன. அவற்றின் கண்ணும் கொதிகலன்மேல்தான். வீட்டுப் புகையின் விஷயத்தில் ஆங்கிலேயருக்குப் புத்தி புகட்ட 1952 டிசம்பர் 5 முதல் 9 வரையில் ஐந்து நாட்கள் லண்டனைக் கவிந்த புகைப்பனி வேண்டியிருந்தது. மார்கழித் தென்காசியைப் பற்றி மேலே சொன்ன அதே மூடிதான், பன்மடங்கு பெரிய நகரத்தின்மேல், லட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகையை வெளியே விடாமல் அமுக்கிப் பிடித்தது. உடனடியாக இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று முதலிற் சொன்னார்கள். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அதனை 12,000 வரையில் உயர்த்தினார்கள். 1956இல் லண்டன் பார்லிமென்டு இயற்றிய சுத்தக் காற்றுச் சட்டம்தான் முதன்முறையாக வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்து, புகையற்ற எரிபொருளுக்கு மாறுகிறவர்களுக்குச் சர்க்கார் செலவில் உதவியும் செய்தது. நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது; தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. வாரியத்தார் கண்காணிப்பது ஆலைகளை. அடுக்களைக்கு அனுமதிச் சான்றும் இல்லை, ஆய்வாளரும் இல்லை.

ஆலைகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறோம். அது வேறொரு தொடருக்கு உரியது. பழைய திருநெல்வேலி ஜில்லாவின் நவீனத் தொழில் யுகம், வியப்பாக, புகையில்லாமலே பிறந்தது: 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஏற்படுத்திய நூற்பாலை தாமிரபரணியின் நீர்வீழ்ச்சி விசையால் இயங்கிற்று. புகை வெளியே இல்லை என்பதால் உள்ளே தூசி இல்லை என்று கொள்ளலாகாது. பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசிக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கு நெஞ்சை இறுக்கும் ஒரு நோய் வருவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவுடன் அது அதிகப்படும் என்பது அதன் விசித்திர லட்சணம். பிறகு 1949இல் தாழையூத்தில் சிமெண்டுத் தொழிற்சாலை எழுந்தது. மேற்குத் தாலுகாக்களின் மற்ற ஊர்களுக்கோ ஆலைக்குப் பதில் பீடி வந்தது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், தென்காசி வட்டாரத்தில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சொளகை வைத்துக்கொண்டு, இலையை நனைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, பொழுது சாய்வதற்குள் கடையில் கணக்குக் கொடுக்கிறார்கள். புகையிலைத் தூளின் நெடி அந்த வீட்டில் சோற்றிலும் தொட்டிலிலும் உண்டு. பீடித் தொழிலாளருக்கென்று மத்திய சர்க்கார் முக்கூடலில் ஓர் ஆஸ்பத்திரி நடத்துவதே, அந்தத் திண்ணைக் காற்றைப் பற்றிய போதுமான சாட்சியம். அடுப்படியில் காலையும் மாலையும் புகை, இடைப்பட்ட நேரம் முழுதும் தூள் என்று இரண்டையும் சேர்த்துச் சுவாசித்தவள் ஒருத்தியே.

கிழக்கே தூத்துக்குடியில் நடந்தது உலகம் அறிந்தது. அங்கே 1990களில் தொடங்கிய தாமிர உருக்காலையிலிருந்து 2013 மார்ச்சில் கந்தக வாயு கசிந்தது என்று மக்கள் மூச்சுத் திணறிப் புகார் செய்தார்கள், சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக அதே வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த ஆலைக்கு 100 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது, 2018 மே மாதத்தில் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள், ஆலை மூடப்பட்டது. காற்றுக்காக இத்தனை உயிர் கொடுத்த ஊர் தமிழகத்தில் வேறில்லை. அந்த அளவு பிரசித்தி பெறாத தொல்லை ஒன்று நம் வாசலிலேயே நடக்கிறது. குவாரிகளில் உடைத்த கல்லையும் ஜல்லியையும் எம்-சாண்டையும் ஏற்றிய கனரக லாரிகள் இரவும் பகலும் தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை மலைப்பாதை ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. எஸ் வளைவில் முதல் கியரில் முனகி ஏறும் அவற்றின் டீசல் புகையும், தார்ப்பாய் மூடாத பாரத்திலிருந்து பறக்கும் கல் தூசியும், கேரளத்திலிருந்து நல்ல காற்று நமக்கு வரும் அதே கணவாயிலேதான் கலக்கின்றன.

அடுக்களைக்கு ஒரு வகையில் விமோசனம் பிறந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2006இல் பதவிக்கு வந்த மாநில அரசாங்கம் ஏழை வீடுகளுக்கு எரிவாயு அடுப்பு இலவசமாகக் கொடுத்தது. 2016இல் மத்திய அரசாங்கத்தின் உஜ்வலாத் திட்டம் வந்தது. அரசியல்வாதிகள் தேர்தலுக்காகக் கொடுத்தார்கள் என்று ஏளனம் செய்கிறவர்கள் ஊதுகுழல் பிடித்தவர்கள் அல்லர். ஐன்ஸ்லியின் அறிக்கை முதல் எத்தனையோ அறிக்கைகள் செய்யாததை அந்த அடுப்பு செய்தது என்பதே எம் அபிப்பிராயம். எனினும் ஒரே மருந்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் கொள்வதற்கில்லை. தமிழ்நாட்டிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய தேசங்களிலும் சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய பெரிய பரீட்சையில், எரிவாயு அடுப்புக்கு மாறிய பெண்கள் சுவாசித்த தூசி மிகவும் குறைந்தபோதிலும், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். உடம்பு கணக்குப் பாடம்போல் நடந்துகொள்வதில்லை. சிலிண்டர் விலை ஏறினால், வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகு அடுப்பு கொல்லைப்புறத்தில் மறுபடி புகையத் தொடங்குவதையும் கிராமத்தில் இருப்பவர்கள் காண்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஒரு வருஷத்தில் மட்டும் வீட்டுப் புகையால் அகால மரணமடைந்தவர்கள் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர்.

குற்றாலத்துக் காற்றைப் புகழ்ந்த ஏடுகள் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்களைப் புகையைப் பற்றிய ஏடு இவ்வட்டாரத்தில் ஒன்றுமில்லை. ஆகையால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் பகுதி வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தங்கள் வீட்டில் என்னென்ன விறகு எரித்தார்கள், எந்த வருஷத்தில் எரிவாயு வந்தது, இன்றும் எதற்கெல்லாம் விறகு எரிகிறது, அடுப்படியில் இருந்தவர்களுக்கு இருமலும் இளைப்பும் எந்த வயதில் தொடங்கின என்பவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எமக்கு எழுதி அனுப்ப வேண்டுகிறோம். கிடைப்பவற்றைப் பெயர் குறியாமல் இத்தொடரின் பிற்பகுதியில் சேர்த்துக்கொள்வோம். 1904இல் செங்கோட்டையிலிருந்து மலைக்குகைகளின் வழியே கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய கதை அடுத்த இதழில் வெளிவரும்.